கண்டதும் கேட்டதும்: பூச்சி தேடிப் போனவர்களின் குறிப்பேடுகள்

(மயிலாடுதுறையில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களுக்கும், மழை மிரட்டிக்கொண்டிருக்கும்போதும் குடையும் கையுமாக வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 1705-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெரிய படப்புத்தகம் வெளியானது. தென்னமெரிக்காவில் அன்று டச்சுக்காரர்களின் கரும்புக் காலனியாக இருந்த சுரிநாமின் பூச்சிகளைப் பற்றிய புத்தகம். மொத்தம் 60 படங்கள். அதில் 18-வது படத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு கொய்யாக் கிளை. இலைகளை எறும்பு அரித்துப் போட்டிருக்கிறது. அந்த எறும்புகள் ஒன்றையொன்று பிடித்துத் தொங்கி, ஒரு கொம்பிலிருந்து இன்னொரு கொம்புக்குப் பாலம் கட்டியிருக்கின்றன. கறுத்து, உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த பெரிய சிலந்திகள். அவற்றில் ஒன்று, ஒரு ஹம்மிங் பறவையைக் கூட்டிலிருந்து இழுத்து மல்லாக்கப் போட்டு, அதன்மேல் ஏறி நிற்கிறது.

சிலந்தி பறவையைத் தின்னுமா? இந்த ஒரு கேள்வி ஐரோப்பாவில் 150 வருஷத்துக்கு மேல் இழுபட்டது. அந்த வழக்கின் கதையைத்தான் இன்று பெரும்பாலும் சொல்லப்போகிறேன். நடுவில் டார்வின் வருவார். கடைசியில் நம்ம ஊர்ப் பக்கமும் ஒருவர் வருவார்.

படத்தை வரைந்தவர் மரியா சிபில்லா மேரியன். 1647-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். பதின்மூன்று வயதிலேயே பட்டுப்புழு வளர்த்து, அது கூடு கட்டுவதையும் அந்துப்பூச்சியாக வெளியே வருவதையும் வரைந்து வைத்தவர். அழுக்கிலிருந்தும் சேற்றிலிருந்தும் பூச்சி தானாக உண்டாகிறது என்று படித்தவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. இவரோ எந்தப் புழு எந்தச் செடியைத் தின்கிறது, எத்தனை நாளில் கூட்டுப்புழு ஆகிறது, அதிலிருந்து என்ன வருகிறது என்று ஒவ்வொன்றாக வளர்த்துப் பார்த்து எழுதினார்.

1699-ல், 52 வயதில், தன் ஓவியங்களை விற்றுப் பணம் திரட்டி, இளைய மகள் டொரோதியாவை அழைத்துக்கொண்டு சுரிநாமுக்குக் கப்பல் ஏறினார். ஆண் துணை கிடையாது. அரசாங்கமோ கம்பெனியோ அனுப்பவும் இல்லை. அங்கிருந்த வெள்ளைக்கார முதலாளிகள் அவரைக் கேலி செய்தார்கள். சர்க்கரையைத் தவிர வேறு எதையோ தேடி ஒருத்தி இவ்வளவு தூரம் வந்திருக்கிறாளே என்று அவர்களுக்குச் சிரிப்பு. அவரே இதைத் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஐந்து வருஷம் தங்குவதாக உத்தேசம். காய்ச்சல் விடவில்லை, இரண்டு வருஷத்தில் திரும்ப வேண்டியதாயிற்று.

அவர் தனியாகப் பூச்சி பிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். காட்டில் வழி வெட்டிக் கொடுத்தவர்களும், புழுவைக் கொண்டுவந்து கொடுத்தவர்களும், இது இன்ன செடி, இன்னதற்கு மருந்து என்று சொன்னவர்களும் அந்த மண்ணின் பூர்வகுடிகள், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். நம் வீட்டு வாசல்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் மயில்கொன்றையை அங்கே பார்த்து வரைந்திருக்கிறார். அதன் மேல் ஏறும் புழுவும் படத்தில் உண்டு. ஆனால் பக்கத்தில் எழுதியிருக்கும் குறிப்பு பூச்சியைப் பற்றியது அல்ல. தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகிவிடக் கூடாது என்று, அடிமைப் பெண்கள் இந்த விதையைத் தின்று கருவைக் கலைத்துக்கொள்கிறார்கள்; அவர்கள் வாயாலேயே என்னிடம் சொன்னார்கள் என்று எழுதுகிறார். ஒரு பூச்சிப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி. அந்தக் காலனியைப் பற்றி அன்று எழுதிய ஆண்கள் எத்தனை பேர் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

சரி, சிலந்திக்கு வருவோம். மேரியன் எழுதியது இவ்வளவுதான்: இந்தச் சிலந்திகளுக்குச் சாதாரண இரை எறும்பு. எறும்பு கிடைக்காதபோது சின்னப் பறவைகளைக் கூட்டிலிருந்து பிடித்து இரத்தத்தை உறிஞ்சும். முதலில் ஐரோப்பா இதை வாயைப் பிளந்துகொண்டு நம்பியது. உயிரினங்களுக்கு முறைப்படி அறிவியல் பெயர் வைத்த ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758-ல் இதற்கு 'பறவைக்காரச் சிலந்தி' என்று பொருள் வரும்படி அவிகுலாரியா என்று பெயரே வைத்துவிட்டார். அவர் வெப்பமண்டலக் காட்டை ஒருநாளும் பார்த்தவர் அல்ல. அவர் பார்த்தது படம்.

அடுத்த நூற்றாண்டில் காற்று திரும்பியது. மேரியன் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, பூச்சியியல் ஒரு துறையாகிவிட்ட காலத்தில், ஆளாளுக்கு அவர் புத்தகத்தைப் பிரித்துத் தப்புத் தேடினார்கள். கியூபாவில் இருந்த மெக்லே என்ற பூச்சி ஆராய்ச்சிக்காரர், சிலந்தி பறவையைப் பிடிக்கும் என்பது கட்டுக்கதை என்று 1830-களில் எழுதினார். செயின்ட் வின்சென்ட் தீவில் இருந்த கில்டிங் என்ற பாதிரியார் எழுதிவைத்த கண்டனம் 1834-ல் அச்சில் வந்தது. படம் படமாக எடுத்துக்கொண்டு பிய்த்திருந்தார். பிரேசிலில் சுற்றிய லாங்ஸ்டார்ஃப் பிரபுவும் இந்தக் கதையை நான் சிறிதும் நம்பவில்லை என்று சொல்லிவிட்டார். மேரியன் பெயருக்குப் பின்னால் 'எளிதில் ஏமாந்த பெண்மணி' என்ற ஒரு வால் ஒட்டிக்கொண்டது.

இந்த நிலையில்தான் ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் வருகிறார். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக் காலுறை வியாபாரி மகன். பதின்மூன்று வயதில் கடையில் வேலைக்குச் சேர்ந்து, ராத்திரியில் படித்து, லீவு நாளில் வண்டு பிடித்தவர். ஊர் நூலகத்தில் சிநேகமான ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸும் இவரும் 1848-ல் அமேசானுக்குப் போனார்கள். இரண்டு பேரும் பணக்காரர்கள் அல்ல. பிடிக்கிற பூச்சியை லண்டனில் ஒரு ஏஜென்ட் விற்றுக் கொடுக்க வேண்டும். அந்தக் காசில்தான் சாப்பாடு. வாலஸ் நான்கு வருஷத்தில் கிளம்பினார். 1852 ஆகஸ்ட்டில் அவர் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்து எரிந்தது. சேகரித்ததில் பெரும்பகுதியும் குறிப்புகளும் போயின. உயிர் மட்டும் ஒரு படகில் தப்பியது. பேட்ஸ் பதினொரு வருஷம் அங்கேயே கிடந்தார். அவர் கணக்குப்படி 14,712 உயிரினங்கள், அதில் சுமார் 8,000 அதற்கு முன் அறிவியலுக்குத் தெரியாதவை. பெரும்பாலும் பூச்சிகள்.

1849-ல் பிரேசிலில் டொக்கான்டின்ஸ் ஆற்றங்கரையில் கமெட்டா என்ற ஊரில் தங்கியிருந்தார். அங்கே ஒரு மரத்தின் அடிமரத்தில் ஏதோ அசைவதைக் கண்டு நின்றார். நெருங்கினால் மயிர்ச் சிலந்தி. உடம்பு மட்டும் கிட்டத்தட்ட 2 அங்குலம். கால்களை விரித்தால் 7 அங்குலம். சாம்பலும் செம்பட்டையுமாக முரட்டு மயிர். அது நின்ற இடத்துக்கு மேலே மரத்தில் ஒரு ஆழமான வெடிப்பு, அதன் குறுக்கே அடர்த்தியான வெள்ளை வலை. வலையின் கீழ்ப்பகுதி கிழிந்து தொங்குகிறது. அந்தக் கிழிசலில் இரண்டு சிறு குருவிகள் சிக்கிக் கிடக்கின்றன. ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி என்று அவருக்குத் தோன்றியது. ஒன்று செத்துவிட்டது. இன்னொன்று சிலந்தியின் உடம்புக்கு அடியில், இன்னும் உயிர் போகாமல். அதன் மேலெல்லாம் சிலந்தியின் எச்சில்போல அருவருப்பான ஒரு திரவம் அப்பியிருக்கிறது. பேட்ஸ் சிலந்தியை விரட்டிவிட்டு இரண்டு குருவிகளையும் எடுத்தார். இரண்டாவதும் சற்று நேரத்தில் செத்துப்போனது.

1863-ல் வெளியான தன் புத்தகத்தில் இதை எழுதிவிட்டு, வழக்கில் தீர்ப்பும் சொல்கிறார். மேரியன் வெகு காலத்துக்கு முன்பே எழுதியதுதான் இது. வேறு சாட்சி கிடைக்காததால் யாரும் நம்பவில்லை என்கிறார். நம்பாததற்குக் காரணத்தையும் ஊகிக்கிறார்: சொன்னவர்கள் கண்ணால் பார்க்காமல், அந்த ஊர்க்காரர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியதுபோல் இருந்ததால்தான். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கமெட்டா ஊர்க்காரர்களிடம் பேட்ஸ் இதைச் சொன்னபோது அவர்களுக்கே அது புதுச் செய்தியாக இருந்ததாம். ஆக, ஊர்க்காரர் என்றால் எல்லாம் தெரிந்திருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. தெரியாது என்று ஒதுக்குவதற்கும் இல்லை. சுரிநாமில் யாரோ பார்த்திருக்கிறார்கள். கமெட்டாவில் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

இந்தச் சிலந்தியைப் பற்றி பேட்ஸ் சொல்லும் இன்னும் இரண்டு விஷயங்கள். ஒன்று, அதன் மயிர். பூனைக்காலிச் சுணை தெரியும் அல்லவா, அந்த மாதிரி. தொட்டால் உதிர்ந்து தோலில் ஏறி, பைத்தியம் பிடிக்கிற அளவுக்கு அரிக்குமாம். முதல் சிலந்தியைப் பதப்படுத்தும்போது அஜாக்கிரதையாகக் கையாண்டு, மூன்று நாள் பாடாய்ப் பட்டார். இரண்டாவது எனக்கு மிகப் பிடித்தது. அவருக்காகப் பூச்சி பிடித்துக்கொடுத்த ஒரு பூர்வகுடிக் குடும்பத்துக் குழந்தைகள், இந்தச் சிலந்தி ஒன்றின் இடுப்பில் கயிறு கட்டி, நாய்க்குட்டியைக் கூட்டிப்போவதுபோல் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு திரிந்தார்களாம். ஐரோப்பா 150 வருஷம் மண்டையை உடைத்துக்கொண்ட பிராணி, இங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்.

இன்றைய நிலை என்ன? அந்த வகைச் சிலந்திகளுக்கு ஆங்கிலத்தில் இன்னமும் 'பறவைத் தின்னி' என்றுதான் பெயர். ஆனால் பறவை அவற்றுக்கு அபூர்வம். பூச்சி, மண்புழு, தவளை, பல்லி என்று மடக்கக்கூடியது எது கிடைத்தாலும் தின்னும். மேரியன் எழுதிய இரண்டு வரியில் பறவை இரண்டாவதாகத்தான் வருகிறது. ஆனால் படத்தில் பறவைதான் கண்ணில் படுகிறது. அடித்துக்கொண்டவர்கள் படத்தை வைத்துத்தான் அடித்துக்கொண்டார்கள்.

மேரியன் எல்லாவற்றிலும் சரியாகத்தான் சொன்னார் என்று நான் வக்காலத்து வாங்க வரவில்லை. இலையை வெட்டிச் சுமக்கும் எறும்பையும், படையாகக் கிளம்பி எதிர்ப்பட்ட பூச்சியையெல்லாம் கொல்லும் எறும்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார். பெரிய தவறு இன்னொன்று. அங்கே விளக்குப்பூச்சி என்று ஒன்று உண்டு. தலைக்கு முன்னால் வேர்க்கடலை மாதிரி ஒரு புடைப்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி மேரியன் எழுதுகிறார்: பூர்வகுடிகள் நிறையக் கொண்டுவந்து கொடுத்தார்கள், ஒரு மரப்பெட்டியில் போட்டு வைத்தோம், ராத்திரியில் ஒரே சத்தம், பதறி எழுந்து மெழுகுவர்த்தி ஏற்றினோம், பெட்டியைத் திறந்தால் உள்ளிருந்து தீ ஜுவாலை கிளம்பியது, பயந்து கீழே போட்டுவிட்டோம், எத்தனை பூச்சி வெளியே வந்ததோ அத்தனை ஜுவாலை. அந்த வெளிச்சத்தில் செய்தித்தாளே படிக்கலாம் என்றும் சொல்கிறார். லின்னேயஸ் இதையும் நம்பி, விளக்கு என்ற பொருளிலேயே அதற்கும் பெயர் வைத்தார். அந்தப் பூச்சி ஒளிராது. அதன் உடம்பில் ஒளி உண்டாக்கும் உறுப்பே கிடையாது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பறவை தின்னும் சிலந்தி, பெரும்பாலும் அவர் காதால் கேட்டது. விளக்குப்பூச்சி, நானே பார்த்தேன் என்று அவர் சொல்வது. கேட்டது மெய்யாயிற்று, கண்டது பொய்யாயிற்று. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம்மவர்கள் சொல்லி வைத்தது பஞ்சாயத்துக்கு மட்டுமல்ல, பூச்சிக்கும் பொருந்தும்போல. என் கட்சி இதுதான்: பழைய பயணிகளின் குறிப்பேடுகளைப் படிக்கும்போது, இவர் சொன்னது சரியா தப்பா என்பதற்கு முன்னால், எதைக் கண்டேன், எதைக் கேட்டேன், எதை ஊகித்தேன் என்று பிரித்து எழுதினாரா என்று பார்க்க வேண்டும். பிரித்து எழுதினால் பின்னால் வருகிறவன் சரிபார்த்துக்கொள்ளலாம். பிரிக்காவிட்டால் மொத்தமாக நம்ப வேண்டும், இல்லாவிட்டால் மொத்தமாகத் தூக்கிப்போட வேண்டும். மேரியனுக்கு இரண்டும் நடந்தது.

அந்த வேலையை ஒழுங்காகச் செய்தவர் என்று டார்வினைச் சொல்வேன். பரிணாமம் சொன்ன தாடிக்காரத் தாத்தாவை மறந்துவிடுங்கள். பீகிள் கப்பலில் போனபோது அவருக்கு இருபத்து சொச்சம் வயது. பூச்சிப் பைத்தியம், குறிப்பாக வண்டுப் பைத்தியம்.

1832 நவம்பர் 1. தென்னமெரிக்காவில் பிளாட்டா ஆற்று முகத்துவாரத்தில் கப்பல் நிற்கிறது. கரை 60 மைல் தூரத்தில். லேசான காற்று, கரைப் பக்கமிருந்து. காலையில் பார்த்தால் காற்றெல்லாம் பஞ்சுப் பிசிறுபோல நூலாம்படை பறக்கிறது. பாய்மரக் கயிறுகளெல்லாம் வலை படிந்து கிடக்கின்றன. நூல்களோடு சின்னஞ்சிறு சிலந்திகள், ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, மங்கிய சிவப்பு நிறம். கப்பலில் ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று நினைக்கிறேன் என்று எழுதுகிறார். 'நினைக்கிறேன்' என்ற அந்தச் சொல்லை விடாமல் போடுகிறார், பாருங்கள்.

கரையிலிருந்து 60 மைல் தாண்டி சிறகில்லாத ஒரு பிராணி எப்படி வந்தது? மற்றவர்களாக இருந்தால் அதிசயம் என்று ஒரு பாரா எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். டார்வின் கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். சிலந்தி கயிற்றில் வந்து ஒட்டும்போது எப்போதும் ஒற்றை நூலில்தான் உட்கார்ந்து வருகிறது, பஞ்சுப் பிசிறில் அல்ல என்று கவனித்தார். பல நூல் ஒன்றோடொன்று சிக்கித்தான் அந்தப் பிசிறு உண்டாகிறது என்று அவருக்குப் பட்டது. வந்து இறங்கியதும் சுறுசுறுப்பாக ஓடுகிறது, விழுகிறது, அதே நூலைப் பிடித்து மேலே ஏறுகிறது, கயிறு கூடும் மூலையில் கோணல்மாணலாக ஒரு வலை பின்னுகிறது. தண்ணீர்மேல் ஓடுகிறது. தொந்தரவு செய்தால் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது. அப்புறம், அதற்குத் தாகம்! வந்த உடனே நீர்த்துளிகளை ஆவலாகக் குடிக்கிறது. வறண்ட, மெல்லிய காற்றில் பயணம் செய்து வந்ததால் இருக்கலாமோ என்று கேள்வியாகவே எழுதி விடுகிறார். விடை தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடத் தெரிந்த மனிதர்.

வந்து சேர்ந்ததைக் கப்பலில் பார்த்தாயிற்று. கிளம்புவதைப் பார்க்க வேண்டாமா? அதைப் பின்னால் சாந்தா ஃபே என்ற ஊரில் பார்த்தார். வேறு வகைச் சிலந்தி, கொஞ்சம் பெரியது. ஒரு கம்பத்தின் உச்சியில் நின்றுகொண்டு, வயிற்றுப் பக்கத்திலிருந்து நான்கைந்து நூல்களை வீசியது. வெயிலில் கதிர்போல மின்னின. ஒரு கஜத்துக்கு மேல் நீளம். நேராக நிற்காமல் அலையலையாக நெளிந்து, மேலே போகப்போக ஒன்றைவிட்டு ஒன்று விலகி விரிந்தன. சட்டென்று சிலந்தி கம்பத்தை விட்டது. அவ்வளவுதான், கண்ணுக்கு மறைந்துவிட்டது. அன்று நல்ல வெயில், காற்று அசையாததுபோல் இருந்தது. சூடான காற்று மெல்ல மேலே ஏறுவதுதான் தூக்கிச் செல்கிறது என்று டார்வின் கணித்தார். ஆனால் நூல்கள் ஏன் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகுகின்றன? மரே என்று ஒருவர், எல்லா நூலிலும் ஒரே வகை மின்சாரம் ஏறியிருப்பதால் என்று சொன்னதாக நினைவு என்று குறித்து வைத்தார். தன் கண்ணால் கண்டது ஒரு பக்கம், பிறர் சொன்னது ஒரு பக்கம்.

அந்த மின்சாரக் குறிப்பு 180 வருஷத்துக்கு மேல் தூங்கியது. 2018-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் எரிகா மார்லி, டேனியல் ராபர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், காற்றே அசையாத ஒரு பெட்டிக்குள் சின்னச் சிலந்திகளை விட்டு, மின்புலத்தை மட்டும் உண்டாக்கினார்கள். சிலந்திகள் கால் நுனியில் எழுந்து, பின்பக்கத்தைத் தூக்கி, நூல் விட்டு, சில அந்தரத்தில் எழும்பின. ஸ்விட்சை அணைத்தால் இறங்கின. காற்றும் வேண்டும்தான், ஆனால் மின்புலம் மட்டுமே கூடத் தூக்கும் என்று ஆயிற்று. ஒரு குறிப்பைச் சரியாக எழுதிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

டார்வின் எழுதியதில் இன்னொரு காட்சி. ரியோ டி ஜெனிரோவில், ஒரு பெரிய வேட்டைக் குளவிக்கும் தரையில் திரியும் ஒரு பெரிய சிலந்திக்கும் சண்டை. குளவி பாய்ந்து ஒரு கொட்டு கொட்டிவிட்டுப் பறந்துபோனது. அடிபட்ட சிலந்தி சரிவில் உருண்டு, ஒரு புல் புதருக்குள் தவழ்ந்துபோய் ஒளிந்துகொண்டது. குளவி திரும்பி வந்து சிலந்தியைக் காணாமல் திகைத்தது. பிறகு மோப்பம் பிடித்துத் தேடுவதுபோல் அரைவட்டம் அரைவட்டமாகச் சுற்றி, சிறகையும் உணர்கொம்பையும் விடாமல் அதிரவிட்டபடி தேடி, கண்டுபிடித்துவிட்டது. சிலந்தியின் பல்லுக்கு இன்னும் பயம். சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் நெஞ்சுக்கு அடியில் இரண்டு கொட்டு. அசையாமல் கிடந்த சிலந்தியை உணர்கொம்பால் தடவிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, இழுக்கத் தொடங்கியது. அத்தோடு கதை நின்றது. ஏனென்றால் டார்வின் இரண்டையும் பிடித்துப் போட்டுக்கொண்டார்! மாதிரி சேகரிக்க வந்தவர் அல்லவா.

அதே ஊரில் தாழ்வாரங்களில் குளவி கட்டும் மண்கூட்டை உடைத்துப் பார்த்தால், உள்ளே சிலந்தியும் புழுவும் அடைந்து கிடக்கும், செத்தும் சாகாமலும். முட்டை பொரிந்து வரும் குளவிக்குஞ்சுக்குக் கெடாத சாப்பாடு. நம் வீட்டு ஜன்னல் மூலையிலும் இதே கூடு உண்டு. நாம் பார்த்தோம், குளவி புழுவைக் கொண்டுபோகிறது, சில நாள் கழித்துக் கூட்டிலிருந்து குளவி வெளியே வருகிறது. 'குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்' என்றோம். கண்டது இரண்டு முனை. நடுவில் நடப்பதை ஊகித்துக்கொண்டோம். குருவைப் பற்றிச் சொல்வதற்கு அழகான உவமை; நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் புழு குளவி ஆவதில்லை, குளவிக்குச் சோறாகிறது.

பெஞ்சுக்கா என்னும் இரத்தம் குடிக்கும் பூச்சியைப் பற்றி டார்வின் எழுதியதைப் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். 1835 மார்ச்சில் மெண்டோசா அருகே ராத்திரி தூங்கும்போது கடித்தது. அப்புறம் இக்கிக் துறைமுகத்தில் ஒன்றைப் பிடித்து மேஜையில் விட்டு, ஓர் அதிகாரியின் விரலைக் கடிக்கக் கொடுத்தார்கள். பத்து நிமிஷத்துக்குள் அப்பளம்போல இருந்தது உருண்டையாகிவிட்டது. அந்த ஒரு விருந்தில் நான்கு மாதம் கொழுத்திருந்தது. அந்த இனப் பூச்சிகள் சாகஸ் நோயைப் பரப்புகின்றன என்பது 1909-ல்தான் தெரிந்தது.

இப்போது நம்ம ஊர்ப் பக்கம். இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் தரங்கம்பாடி. அங்கே கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். டேனிஷ்காரர்கள் வைத்திருந்த காலத்தில், 1768-ல், யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்ற வைத்தியர் வந்து சேர்ந்தார். ஐரோப்பாவின் பால்டிக் பகுதிக்காரர், லின்னேயஸிடம் படித்தவர். பின்னால் ஆற்காட்டு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் இயற்கை ஆய்வாளராக வேலை பார்த்தார். செடி ஆராய்ச்சிக்காரர் என்றுதான் பெயர். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் உள்ள 'கோனிகி' இவரைக் குறிப்பதுதான். ஆனால் 1779-ல் கறையானைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். கறையான் புற்றுக்குள் காளான் வளர்வதை முதலில் எழுதி வைத்தவர் இவர்தான்.

அதில் ஈசல் பிடிக்கும் முறை ஒன்று வருகிறது. ஈசல் பறந்து கிளம்புவதற்கு முன்பே, புற்றில் இரண்டு துளை போடுகிறார்கள். காற்று வரும் பக்கம் ஒன்று, அதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று. எதிர்ப்பக்கத் துளையில் ஒரு பானையின் வாயைப் பொருத்துகிறார்கள். பானையின் உட்புறத்தில் முதலில் கறிவேப்பிலையைத் தேய்த்துவிடுகிறார்கள். காற்றுப் பக்கத்துத் துளையில் நாற்றமடிக்கிற பொருள்களைப் போட்டுத் தீமூட்டிப் புகை போடுகிறார்கள். ஈசல் மொத்தமும் பானைக்குள். சில சமயம் படமெடுக்கும் பாம்பும் பானைக்குள் வந்துவிடும், ஆகவே பானையை எடுக்கும்போது ஜாக்கிரதை என்கிறார். கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதை நமக்குப் பழமொழி; அவருக்கு அது கள ஆய்வில் ஓர் எச்சரிக்கை. பிடித்த ஈசலை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்றார்களாம். நிறையக் கிடைக்கும் பருவத்தில் அளவுக்கு மீறித் தின்றால் வயிற்றுக்கடுப்பும் கழிச்சலும் வந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆளே போய்விடுவதும் உண்டு என்று வைத்தியராக ஒரு வரி சேர்க்கிறார். இரண்டு மூன்று மணி நேரம் என்பது எனக்குக் கொஞ்சம் மிகையாகப் படுகிறது. மற்றபடி, துளை எந்தப் பக்கம், பானை எந்தப் பக்கம் என்று இவ்வளவு விவரமாக எழுதுகிறவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும், அல்லது நின்று பிடித்தவரிடம் பொறுமையாகக் கேட்டிருக்க வேண்டும்.

கோனிக் 1785-ல் காக்கிநாடா பக்கத்தில் இறந்தார். குறிப்புகளை லண்டனில் இருந்த இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதி வைத்துவிட்டார். அவர் அனுப்பிய பூச்சிகளில் பலவற்றுக்கு ஃபேப்ரிஷியஸ் என்ற டேனிஷ் பூச்சியியலாளர் பெயரிட்டார்.

இந்தக் கூட்டத்தில் வயல்காட்டுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். முதல் மழைக்கு ஈசல் பிடித்தவர்கள், பிடித்ததைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். பானைக்குள் கறிவேப்பிலை தேய்க்கிற வழக்கத்தை நீங்கள் கண்டிருந்தால் சொல்லுங்கள். பாட்டி சொல்லிக் கேட்டதுதான் என்றால், கேட்டது என்று சொல்லியே சொல்லுங்கள், எந்த ஊர் என்றும் சேர்த்து. தலைவர் அனுமதித்தால் நான் மேடையை விட்டு இறங்கிக் குறித்துக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.